கிளைடர் உப்பளவைக் குறைத்துக் காட்டினால்: என் அனுபவம்

வங்கக் கடலில் விட்ட கிளைடர் (கடலுக்குள் மேலும் கீழுமாக மிதந்து அளவெடுக்கும் ஆளில்லாக் கருவி) மூன்றாவது வாரத்தில் உப்பளவைக் குறைத்துக் காட்டியது. மேற்பரப்பு எண்களை வைத்து முடிவுகட்ட முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவரும் நன்னீர் அங்கே உப்பை உண்மையிலேயே குறைத்துவிடும். அதனால் நீர் அதிகம் மாறாத 800 முதல் 1000 மீட்டர் ஆழத்தில், ஒரே வெப்பநிலைக்குரிய உப்பளவை முதல் நாள் பதிவோடு ஒப்பிட்டேன். 35ஐ (கிலோ கடல்நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) ஒட்டி நிற்க வேண்டியது 34.9க்கு நழுவியிருந்தது. நீர் மாறவில்லை, சென்சார்தான் மாறியிருக்கிறது.

கரையேற்றியதும் கடத்துதிறன் அளக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்பு நிற வழுவழுப்பு. உள்விட்டம் சுருங்கினால் கடத்துதிறன் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு) குறைவாகத்தான் பதியும்; அதிலிருந்து கணக்கிடும் உப்பளவும் குறையும். பிரஷ், பஞ்சுக் குச்சி எதையும் உள்ளே விடவே கூடாது. மின்வாயின் பிளாட்டினப் பூச்சு உரிந்துவிடும். சிரிஞ்சில் மென்குழாய் மாட்டி, 1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 (ஒரு சோப்பு போன்ற திரவம்) கரைசலை முன்னும் பின்னுமாக அலசினேன். பிறகு லிட்டர் நீருக்கு 10 மில்லி என்ற அளவில் 5 சதவீத பிளீச் கலந்த கரைசல் (500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு). கடைசியில் வெதுவெதுப்பான நன்னீர், 5 நிமிடம்.

பழைய தரவைத் திருத்தும்போது உப்பளவில் ஒரே எண்ணைக் கூட்டாதீர்கள். கடத்துதிறனை ஒரு காரணியால் பெருக்கி, உப்பளவை மறுபடி கணக்கிடுங்கள். குழாய்க்குள் படியும் அந்த வழுவழுப்புப் படலம் நாளுக்கு நாள் வளர்வதால் அந்தக் காரணியும் நாளுக்கேற்ப மாற வேண்டும்.