ஆதி தாளக் கணக்கில் ‘மி தியெர்ரா’: கியூப இசைத் தொகுப்பொன்றைக் கேட்டுப் பழகும் முறை

ஆங்கிலப் பாப் பாடல்களால் உலகப் புகழ் பெற்ற குளோரியா எஸ்தெஃபான், 1993 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘மி தியெர்ரா’ என்ற ஸ்பானியத் தொகுப்பை வெளியிட்டார். ‘என் மண்’ என்று பொருள்படும் அத்தொகுப்பில் உள்ள 12 பாடல்களும் பழைய கியூப இசை வடிவங்களில் புதிதாக இயற்றப்பட்டவை. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் இருந்துகொண்டு, கோயில் மேளத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இந்த இசையின் உட்கணக்கு விரைவில் பிடிபடும். ஆனால் குரலிலிருந்து கேட்கத் தொடங்கினால் பிடிபடாது. தாளத்திலிருந்து மேல்நோக்கிக் கேட்க வேண்டும். அதற்கான வழிமுறையைக் கீழே விளக்கியுள்ளேன்.

பின்னணியாக இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். எஸ்தெஃபான் 1957 இல் ஹவானாவில் பிறந்து, 1959 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் குழந்தையாக மயாமிக்குக் கொண்டுவரப்பட்டவர். இத்தொகுப்பில் அவருடன் வாசித்தவர்களில் பலர் கியூபாவை விட்டு வெளியேறிய மேதைகள். டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) வாசித்த இஸ்ராயெல் ‘கச்சாவ்’ லோபெஸ், டிரம்பெட் வாசித்த அர்த்தூரோ சாந்தோவால், கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் வாசிக்கும் பாகீத்தோ திரிவேரா ஆகியோர் அவ்வகையினர். டிம்பாலே என்னும் தாளக்கருவியை வாசித்த தீத்தோ புவெந்தே மட்டும் நியூயார்க்கில் பிறந்த புவேர்த்தோ ரீக்கோ வம்சாவளியினர். 1993 ஜூலையில் அமெரிக்க இசை இதழான பில்போர்டு லத்தீன் தொகுப்புகளுக்கெனத் தனிப் பட்டியல் தொடங்கியபோது அதில் முதலிடம் பெற்ற முதல் தொகுப்பு இதுவே. மறு ஆண்டு கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இத்தொகுப்பைக் கேட்காதீர்கள். தாழ்ந்த சுரங்களை அதனால் எழுப்ப முடியாது என்பதால் கச்சாவின் பேஸ் முழுவதும் காணாமற்போய்விடும். பேஸ் இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதில் பாதி வீணாகும். காதில் பொருத்தும் ஹெட்ஃபோனோ, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மியூசிக் சிஸ்டமோ போதுமானது.

முதல் வேலை பாட்டைப் போடாமலேயே செய்ய வேண்டியது. கியூப இசையின் முதுகெலும்பு கிளாவே எனப்படும் ஐந்து தட்டல்கள். அதே பெயருள்ள இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி அதனை ஒலிப்பார்கள். கட்டைகள் ஒலிக்காத இடத்திலும் மற்றக் கலைஞர்கள் அனைவரும் அதனை மனத்தில் வைத்தே வாசிப்பார்கள். சொற்கட்டில் அதனை எழுதினால் ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று வரும்: மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, ஆக 16 அட்சரங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. சொற்கட்டை மெதுவாகச் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள், அவசரம் வேண்டாம்.

சொல் நாவில் படிந்த பின் அதனை எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின்மேல் (ஒரு தட்டும் மூன்று விரல்களும் சேர்ந்த லகு, பிறகு தட்டும் வீச்சுமான இரண்டு திருதங்கள்) ஏற்றுங்கள். ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அட்சரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாளச் சுற்றான ஆவர்த்தனத்தில் முழுக் கிளாவேயும் அடங்கும். முதல் தட்டு தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழும். இரண்டாவது சுண்டுவிரல் எண்ணிக்கையின் பிற்பாதியில் விழும். மூன்றாவது நடுவிரலில் விழும். இவை மூன்றும் லகுவுக்குள் முடிந்துவிடுகின்றன. நான்காவது தட்டு முதல் திருதத்தின் வீச்சிலும், ஐந்தாவது இரண்டாம் திருதத்தின் தட்டிலும் அமையும். லகுவில் மூன்று, திருதங்களில் இரண்டு என்ற இந்த ஏற்றத்தாழ்வே கிளாவேயின் உயிர். ஒரு பாதி உந்தித் தள்ளுவது போலவும், மறு பாதி அமர்ந்து பதில் சொல்வது போலவும் கேட்கும்.

பல பாடல்களில் இவ்வரிசை தலைகீழாக, இரண்டு முதலிலும் மூன்று பின்னரும் வரும். அப்போது சொற்கட்டு ‘தக தக தகதிமி தகிட தகிட தக’ என்று மாறும். முதல் ‘தக’வில் தட்டக் கூடாது, மற்ற ஐந்திலும் தட்ட வேண்டும். ஒரு பாடல் எந்த வரிசையில் செல்கிறது என்பதைக் கண்டறிய, இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். தவறான வரிசையில் தட்டினால் பாட்டின் அழுத்தங்கள் உங்கள் கையோடு மோதிக்கொண்டே இருக்கும். சரியான வரிசை கிடைத்த கணத்தில் மோதல் நின்றுவிடும். வரிசையைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இவ்வாறு கையால் கண்டுபிடிப்பதே நல்லது.

இனிப் பாட்டைப் போடலாம். தொகுப்பின் முதல் பாடலைத் தற்போதைக்குத் தாண்டிவிடுங்கள். அது பொலேரோ என்னும் மெதுவான காதல் பாட்டு வடிவம். இனிமையானதுதான், ஆனால் தாளம் பழகுவதற்கு ஏற்ற இடமல்ல. இரண்டாவதாக வரும் தலைப்புப் பாடலில் தொடங்குங்கள். கையால் ஆதி தாளத்தை முழுமையாகப் போட அதன் வேகம் இடம் கொடுக்காது. ஆகவே ஓர் ஆவர்த்தனத்துக்கு நான்கு முறை மட்டும் காலால் தட்டி, கிளாவேயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முதலில் வரும் வரிசையானால், ஐந்து தட்டுகளில் முதலாவதும் கடைசியும் மட்டுமே காலோடு சேரும். நடுவில் உள்ள மூன்றும் காலிலிருந்து விலகியே நிற்கும்.

கை நிலைபெற்றதும் செவியைப் பேஸின்மேல் வையுங்கள். நம் ஊரில் நெம்மாறை வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பஞ்சவாத்தியக் கூட்டத்தில் திமிலையின் பக்கமோ இலத்தாளத்தின் பக்கமோ இடம் பார்த்து நின்றுகொள்வதைப் போல, நீங்களும் ஒரு கருவியின் அருகே நின்றுகொண்டு மற்றவற்றைத் தூரத்தில் வைக்க வேண்டும். சோன் என்னும் கியூபப் பாட்டு வடிவத்தில் பேஸ் சமத்தில் ஒலிப்பது அரிது. மேலே சொன்ன 16 அட்சரங்களில் பெரும்பாலும் நான்கு, ஏழு, பன்னிரண்டு, பதினைந்து ஆகிய இடங்களிலேயே அது விழும். பதினைந்தாவது அட்சரம் ஆதி தாளத்தின் கடைசி வீச்சு. அங்கே மீட்டப்படும் சுரம், அடுத்த ஆவர்த்தனத்துக்கு உரிய சுரத்தை முன்கூட்டியே ஒலித்து, சமத்தைக் கடந்து நீளும். சமத்துக்கு முன்பே பாட்டைத் தொடங்கும் அதீத எடுப்பில் அமைந்த கீர்த்தனைகளைப் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே எடுப்பில் மட்டும் நிகழ்வது இங்கே ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் நிகழ்கிறது. சமம் காலியாக இருக்கும்போதும் கால் தானாக அங்கே விழுகிறதே, அந்த இழுப்பே மக்களை ஆட வைக்கிறது. ‘இது வெறும் டான்ஸ் பாட்டுத்தானே’ என்று ஒதுக்குபவர்களை இந்த ஒரு பயிற்சியைச் செய்துபார்க்கச் சொல்வேன்.

அடுத்துப் பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். சோன் பாடலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முற்பகுதியில் பாடகர் கதையைச் சொல்வார். பிற்பகுதிக்கு மொந்துனோ என்று பெயர். அதில் பின்பாட்டுக் குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, முதன்மைப் பாடகர் இடைவெளிகளில் புதிய வரிகளைத் தொடுப்பார். பாலக்காட்டு அக்கிரகாரங்களின் பஜனை சம்பிரதாயத்தில் பாகவதர் பாடியதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். இங்கே குழுவின் வரி மாறாது, தலைவரின் வரிதான் மாறும். மொந்துனோ தொடங்கிவிட்டதை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: முற்பகுதியில் சிறு இரட்டை முழவான பொங்கோவை விரலால் வாசித்த கலைஞர், இந்த இடத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு மாட்டுமணியைக் குச்சியால் தட்டத் தொடங்குவார். மணி ஒலி நுழைந்ததும் பாட்டின் வீச்சே மாறிவிடும். ஒன்பதாவது பாடலின் தலைப்பே ‘மொந்துனோ’ என்பதால் இதைப் பழக அதுவே வசதியானது.

ஆறாவது பாடல் தான்சோன் வடிவத்தைச் சேர்ந்தது. அங்கே கைகளைக் கீழே வைத்துவிடுங்கள். 1879 இல் மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபைல்தே அரங்கேற்றியதாகக் கொள்ளப்படும் இந்த வடிவம், ஐரோப்பிய அவை நடனத்தின் நிதானத்தையும் ஆப்பிரிக்கத் தாளத்தையும் ஒன்றாகப் பிணைத்தது. கச்சாவும் அவருடைய சகோதரர் ஒரெஸ்தெசும் 1930களின் இறுதியில் இதே தான்சோனின் கடைசிப் பகுதியைத் தளர்த்தி விரித்ததிலிருந்துதான் மாம்போ என்னும் நடன இசை பிறந்தது. புல்லாங்குழலையும் வயலின்களையும் முதலில் கேளுங்கள்; பிறகு, கீறல் விழுந்த சுரைக்குடுவையைக் குச்சியால் உரசும் குவீரோவின் ஒலியைத் தேடிப் பிடியுங்கள்.

கடைசிப் பாடலான ‘த்ரதிசியோன்’ தாளக்கருவிகளுக்காகவே கேட்கத் தக்கது. செண்டையில் தனி வாசிப்பாக அமையும் தாயம்பகையில் வீக்கன் செண்டையும் இலத்தாளமும் காலத்தைக் காக்க, இடந்தலையில் கலைஞர் விரிவாக்கிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை.

சேர்ந்து பாட விரும்புவோருக்கு உச்சரிப்பு பற்றிச் சில சொற்கள். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘ட’ என்று தொடங்கிவிடாதீர்கள். ஸ்பானிய ஒலி நம் ‘த’வுக்கு நெருக்கமானது. எழுத்தின்மேல் வளைகோடு இட்ட ‘என்’ நம் ‘ஞ’. சொல்லின் முதலில் வரும் ‘எச்’ ஒலிக்காது. ‘ஜே’ என்ற எழுத்தைக் கியூபர்கள் மெல்லிய ‘ஹ’வாக ஒலிப்பார்கள். இரட்டை ‘ஆர்’ உருண்டு வரவேண்டும். மலையாளத்தில் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்து ஒலிக்கப் பழகிய எல்லையூர் நாவுக்கு இது எளிது. குழு பாடும் வரியை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள். முழுப் பாடலின் பொருளைத் தாளம் பிடிபட்ட பிறகு தேடிப் படித்தால் போதும். பிரிந்து வந்த மண்ணின் ஏக்கத்தைச் சொல்லும் தலைப்புப் பாடலை எழுதிய ‘எஸ்தெஃபானோ’ என்ற பாடலாசிரியர் (பாடகி எஸ்தெஃபான் அல்லர்) ஒரு கொலம்பியர் என்பதும் அப்போது சுவையான செய்தியாக இருக்கும்.

இத்தொகுப்பு கைவந்தபின் அடுத்தது எது என்ற கேள்வி எழும். எஸ்தெஃபானின் 1995 ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘அப்ரியெந்தோ புவெர்த்தாஸ்’ வரிசைப்படி அடுத்தது என்றாலும், கொலம்பிய வாயெனாத்தோ போன்ற வேறு வடிவங்களின் பக்கம் அது நகர்கிறது. கிளாவேக் கணக்கை அதன்மேல் ஏற்ற முயன்றால் குழப்பமே மிஞ்சும். 1994 இல் வெளிவந்த கச்சாவின் ‘மாஸ்டர் செஷன்ஸ்’ முதல் தொகுதிக்குச் செல்லுங்கள். அதில் தெஸ்கார்கா எனப்படும் மனோதர்ம வாசிப்புகளில் குரலின் துணையின்றி நீண்ட நேரம் தாளம் பிடிக்க வேண்டியிருக்கும். கை தவறினால் பாட்டை நிறுத்தாமல், பேஸின் பதினைந்தாவது அட்சரத்துக்காகக் காத்திருந்து, அதற்கு அடுத்த சமத்தில் மீண்டும் ‘தகிட’ என்று தொடங்கிக்கொள்ளுங்கள்.