பனியன் கம்பெனியில் டிபார்ட்மென்டுகள் முட்டிக்கொள்வது எதனால்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆர்டர் பல கை மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. பையரிடம், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம், பேசுவது மெர்ச்சண்டைசர். நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது) முடித்துத் துணியை உள்ளே கொண்டுவருவது ஃபேப்ரிக் டிபார்ட்மென்ட். அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். உடனே யார் காரணம் என்று சண்டை தொடங்கும். அந்தச் சண்டையில் ஆட்களின் குணத்தைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பி.பி. (ப்ரீ-ப்ரொடக்சன்) மீட்டிங்கைச் சடங்காக நடத்துவது. உற்பத்தி தொடங்கும் முன், பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை நடுவில் வைத்து எல்லோரும் பேச வேண்டிய கூட்டம் அது. பல இடங்களில் மெர்ச்சண்டைசர் மெயிலைப் படிக்கிறார், மேனேஜர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், முடிந்தது. துணியை வெட்டப்போகிற கட்டிங் மாஸ்டரும் லைன் சூப்பர்வைசரும் அங்கே இருப்பதே இல்லை. கழுத்துப் பட்டியான ரிப்பின் அகலம் 2 செ.மீ.யிலிருந்து 1.5 செ.மீ. ஆகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்போது பாதி பீஸ் தைத்து முடிந்திருக்கும். அவர்களைக் கூப்பிடுங்கள், சாம்பிளைக் கையில் கொடுங்கள், தைக்கச் சிக்கலான இடம் எது என்று கேளுங்கள். பையரின் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். லைனில் தமிழ் பேசுகிறவர்களும் ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்களும் இருப்பார்கள். மாற்றங்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி லைனில் ஒட்டுவது அரைமணி நேர வேலை.

மாற்றத்தை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதும் இதே ரகம்தான். பழைய அளவுத்தாள் கட்டிங் டேபிளிலேயே கிடக்கும். புதிய தாளில் தேதி போட்டுக் கொடுங்கள், பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு டிபார்ட்மென்டையும் அதனதன் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடுவது. லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணியை ரோலில் இருந்து பிரித்து, பொதுவாக 24 மணி நேரம் ஓய்வில் விட வேண்டும். ‘இன்றைக்கு இத்தனை பீஸ்’ என்ற நெருக்கடியில் கட்டிங்கில் அப்படியே வெட்டிவிடுவார்கள். அவர்கள் கணக்கு நிறைவாக இருக்கும். வெட்டிய பிறகு துணி சுருங்கி, தைத்த பீஸில் நீளம் குறையும். தையல் கட்டிங்கைச் சொல்லும், கட்டிங் ஃபேப்ரிக்கைச் சொல்லும். வெட்டிய பீஸில் எத்தனை பெட்டிக்குள் போனது என்ற ஒரே கணக்கை எல்லா டிபார்ட்மென்டுக்கும் பொதுவாக வையுங்கள். துணியை ஒரு நாள் விட்டு வெட்டியதும் அப்போதுதான் நல்ல வேலையாகக் கணக்கில் வரும்.

தரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் ஆபத்து. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 முறையில், 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள சரக்குக்குச் சாதாரண ஆய்வில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறைபாடு 7 வரை இருந்தால் பாஸ், 8 என்றால் ஃபெயில். பேக்கிங் முடிந்தபின் ஃபெயிலானால் எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். க்யூசி (தரம் பார்க்கும்) ஆட்களைப் ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே வைப்பதும் கூடாது என்பேன். பீஸ் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம் லைனை நிறுத்தச் சொல்லி அவருக்குக் கீழே இருப்பவர் எப்படிக் கேட்பார்?

எல்லோரும் மறந்துவிடுவது அக்கவுன்ட்ஸை. டையிங், பிரின்டிங்கில் பெரும்பகுதி வெளியே ஜாப் ஒர்க்காகப் போகிறது. செய்பவர்களில் பலர் குறு, சிறு நிறுவனங்கள். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதிப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். எடைக் குறைவு பற்றி ஃபேப்ரிக் டிபார்ட்மென்ட் வாக்குவாதம் செய்துகொண்டு பில்லை மேஜையில் வைத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். துணி வந்த அன்றே எடை போட்டு, குறைவு இருந்தால் டிசியிலேயே (சரக்குடன் வரும் டெலிவரி சலான்) எழுதி, பில் வந்ததும் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பிவிட வேண்டும். பணம் சரியான நாளில் கிடைக்கும் டையிங்காரர், அடுத்த அவசர ஆர்டரில் உங்கள் துணியை முதலில் எடுப்பார்.