வீட்டிலுள்ள பழைய ஃபர்னஸ் தரும் வெப்ப அளவைக் கணக்கிடும் முறை

டொரோண்டோ, சிகாகோ போன்ற குளிர் நகரங்களில் பழைய வீடு வாங்கியவர்கள், எரிபொருளை எரித்து வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸை மாற்றும்போது, வந்து பார்க்கும் ஒப்பந்தக்காரர்களில் பலர் பழைய ஃபர்னஸின் விவரத் தகட்டில் 1 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று இருந்தால் புதியதற்கும் அதே எண்ணை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இதை அப்படியே ஏற்கக் கூடாது. தகட்டில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் மணிக்கு எரிக்கப்படும் எரிபொருளின் வெப்பமே. வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பம் வேறு. பழைய ஃபர்னஸ் 1 லட்சம் எரித்து 80,000 அளவில் கொடுத்திருக்கும். எரிப்பதில் 95 சதவீதத்தை வீட்டுக்குத் தரும் புதியது அதே 1 லட்சத்தை எரித்து 95,000 கொடுக்கும். ஆகவே எண்ணை மாற்றாமல் வாங்கினால் தேவைக்கு மிஞ்சிய இயந்திரம்தான் வந்து சேரும்.

முதலில் தகட்டைத் தேட வேண்டும். ஃபர்னஸின் முன்கதவைக் கழற்றினால், அதன் உட்புறத்திலோ பர்னர் அறையின் பக்கச் சுவரிலோ அது அறையப்பட்டிருக்கும். கரி படிந்திருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுந்திய எழுத்துகளின் நிழல் விழுந்து எண்கள் தெளியும். ‘இன்புட்’ என்பது எரியும் அளவு. ‘அவுட்புட்’ என்றோ, மிகப் பழைய தகடுகளில் ‘பானட் கெப்பாசிட்டி’ என்றோ இருப்பது வெளிவரும் அளவு. தகட்டில் ஒன்று மட்டுமே தெரிந்து, அது இன்புட்டாக இருந்தால், புகைபோக்கி வழியே இயல்பாகப் புகை வெளியேறும் பழைய வகைக்கு அதில் 75 முதல் 80 சதவீதத்தை வெளிவரும் அளவாகக் கொள்ளலாம். ஏ.எஃப்.யு.இ. என்ற ஆண்டுத் திறன் விகிதத்தை இங்கே பயன்படுத்த வேண்டாம். ஃபர்னஸ் நின்றிருக்கும்போது புகைபோக்கி வழியே போகும் இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அது பழைய ஃபர்னஸ்களுக்கு 56 முதல் 70 வரை குறைவாக இருக்கும். ஓடும்போது கிடைக்கும் வெப்பத்தை அது காட்டாது. மாடல் எண்ணில் 080, 100 என வரும் இலக்கங்கள் பெரும்பாலும் ஆயிரங்களில் இன்புட்டைக் குறிப்பவை என்றாலும், சில நிறுவனங்கள் அவுட்புட்டைக் குறிப்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

தகடு சொல்வது ஆலையிலிருந்து வந்த நாளின் கணக்கு. இன்று எவ்வளவு எரிகிறது என்பதை எரிவாயு மீட்டரே சொல்லும். என்னைக் கேட்டால் தகடு நன்றாகத் தெரிந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவதே நல்லது. வாட்டர் ஹீட்டரை பைலட் நிலைக்கு (சிறு சுடர் மட்டும் எரியும் நிலை) திருப்பி, அடுப்பு, துணி உலர்த்தி ஆகியவற்றை அணைத்துவிட்டு, வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டை நன்றாக உயர்த்தி, ஃபர்னஸ் சில நிமிடங்கள் ஓடியபின் மீட்டரின் சோதனை முள்ளைக் கவனிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை கன அடி, 1 கன அடி, 2 கன அடி என்று அந்த முள்ளின் அருகிலேயே எழுதியிருக்கும். ஒரு சுற்றை மட்டும் அளக்காமல் பல சுற்றுகளை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

1 கன அடி முள் ஒரு சுற்றுக்கு 40 விநாடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 3,600-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 90 கன அடி. ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 1,035 பி.டி.யு. இருப்பதால், எரியும் வெப்பம் சுமார் 93,000. அதில் 80 சதவீதம், அதாவது ஏறக்குறைய 74,500 பி.டி.யு. வீட்டுக்கு வருகிறது. கனடாவில் மீட்டர் கன மீட்டரில் இருந்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 36,000 பி.டி.யு. என்று பெருக்கிக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது தகட்டைவிட மிகவும் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால், அழுத்தச் சீராக்கியை நீங்களே திருகாமல் உரிமம் பெற்றவரை அழைக்க வேண்டும். தவறான அழுத்தத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம்.

எண்ணெயில் ஓடும் ஃபர்னஸுக்கு மீட்டர் கிடையாது. அங்கே எண்ணெயைத் தெளிக்கும் முனையான நாசிலின் மீது பொறித்துள்ள எண்தான் ஆதாரம். பராமரிப்புக்கு வந்தவர் பர்னரில் கட்டிவிட்டுப் போன சீட்டிலும் அது இருக்கக்கூடும். 0.85 என்றால், 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் மணிக்கு 0.85 அமெரிக்க கேலன். அழுத்தம் 140 ஆக இருந்தால் 1.4-இன் வர்க்கமூலமான 1.18-ஆல் பெருக்க, 1 கேலன் ஆகிவிடும். ஒரு கேலனுக்குச் சுமார் 1,39,000 பி.டி.யு. அழுத்தத்தைக் கேட்காமல் நாசில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கில் ஆறில் ஒரு பங்கு விடுபட்டுப் போகும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகளில், தடித்த குழாய்கள் நாற்புறமும் மேலேறும், விசிறியே இல்லாத பெரிய ஃபர்னஸ்கள் இன்னும் சில இருக்கின்றன. நிலக்கரிக்காகச் செய்யப்பட்டு, பிறகு எரிவாயு பர்னர் பொருத்தப்பட்டவை அவை. மூலத் தகடு இருந்தாலும் பயனில்லை. மீட்டர் சோதனையே வழி, அதிலும் 60 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வைக்காதிருப்பது நல்லது. குழாய்களைச் சுற்றியுள்ள வெண்மையான உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், தகடு தேடும் ஆர்வத்தில் அதைச் சுரண்டவோ பிரிக்கவோ கூடாது.

ஃபர்னஸ் தரும் வெப்ப அளவு தெரிந்தபின், வீட்டின் தேவையையும் அதைக் கொண்டே மதிப்பிடலாம். ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளில் ஒன்றில், தெர்மோஸ்டாட்டை ஒரே அளவில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் பர்னர் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மேலே மீட்டர் சோதனையில் 74,500 பி.டி.யு. தந்த ஃபர்னஸ் 30 நிமிடம் எரிந்தால், வீடு அந்தக் குளிரில் இழப்பது மணிக்கு 37,000 பி.டி.யு. அளவே. இயந்திரத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பின்பற்றப்படும் ‘மேனுவல் எஸ்’ நெறி வெப்ப இழப்பைப் போல் 1.4 மடங்கு வரை அனுமதிப்பதால், 52,000-க்கு உட்பட்ட அவுட்புட் போதும். வெப்ப இழப்பின் முறையான கணக்கு அமெரிக்காவில் ‘மேனுவல் ஜே’ வழியிலும் கனடாவில் சி.எஸ்.ஏ. எஃப்280 வழியிலும் செய்யப்படுகிறது. விலை கேட்கும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.