ஸ்மோக்கி மலைக்காட்டில் ஆர்வி நிறுத்த இடம் பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

ஓடைக்கரை, அடர்ந்த மரநிழல், நெருப்புக்குழி, பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலி. இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் எங்கள் முதல் ஆர்வி (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டி) பயணத்துக்கு இடம் பிடித்தேன். வாடகை வண்டி, 30 அடி நீளம். நியூஜெர்சியிலிருந்து டென்னசி வரை இரண்டு நாள் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. முகாமில் எங்கள் வண்டிக்கு ஒதுக்கிய இடம், அதாவது சைட், ரிவர்ஸில்தான் நுழைக்க வேண்டியது, வாசலில் இரண்டு பக்கமும் மரம். மனைவி டார்ச் அடிக்க, தூக்கம் கலைந்த பக்கத்து வண்டிக்காரர் கைகாட்ட, முக்கால் மணி நேரம் முன்னும் பின்னும் ஆட்டி உள்ளே விட்டேன். காலையில் பார்த்தால் கூரையோரம் கிளை இழுத்த நீளமான கீறல். வாடகைக்குத் தந்தவர்கள் அதை முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள்.

தவறு என்னுடையதுதான். நீளத்தை நான் பார்க்கவே இல்லை. ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள வரம்பு உண்டு. கேட்ஸ் கோவ் முகாமில் 40 அடி மோட்டார்ஹோம் (தானே ஓடும் ஆர்வி) போகும், எல்க்மாண்டில் 35 அடி, காஸ்பியில் 25 அடிதான். சரி, நம் வண்டி 30 அடி, எல்க்மாண்ட் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்துவிடக் கூடாது. அந்த 35 அடி முகாமிலேயே பெரிய சைட்டுக்கான அளவு. சில சைட்டுகளில் கூடாரம் போட்டு ஒரு கார் நிறுத்தத்தான் இடம் இருக்கும். பதிவு செய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில் ஒவ்வொரு சைட் எண்ணையும் தட்டினால் அதன் நீளம் தனியாக வரும். டிரெய்லர் இழுத்துப் போகிறவர்கள் இழுக்கும் வண்டி எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தேசியப் பூங்கா என்றால் எல்லா வசதியும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்மோக்கியில் எல்க்மாண்ட், கேட்ஸ் கோவ், ஸ்மோக்மாண்ட் போன்ற பெரிய முகாம்களில் சைட்டுக்கு மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர் இணைப்பும் கிடையாது. கழிப்பறை உண்டு, குளியலறை இல்லை. ஜெனரேட்டர் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான், அதுவும் அனுமதி உள்ள பகுதியில் மட்டும். ஆகஸ்ட் மாதம் ஏசி போட்டுத் தூங்கலாம் என்ற கனவோடு போனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புழுக்கத்தில் புரள வேண்டியதுதான். கூரையில் சோலார் இருக்கிறதே என்றால், அந்த மரநிழலில் அதற்கு வேலையே இல்லை. செயற்கைக்கோள் இணையத் தட்டும் அப்படித்தான், திறந்த வானம் கேட்கும். எந்த நிழலுக்காகக் காட்டுக்கு வருகிறோமோ அதே நிழல்தான் இரண்டையும் முடக்குகிறது.

மின்சாரம் வேண்டும் என்றால் பூங்காவுக்கு வெளியே, டவுன்செண்ட், பிஜன் ஃபோர்ஜ், செரோக்கி பக்கம் தனியார் முகாம்கள் இருக்கின்றன. அங்கே 30 ஆம்பா, 50 ஆம்பா என்று கேட்பார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஓர் ஏசிக்கே சுமார் 1,500 வாட் போய்விடும். இன்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் இன்னொரு 1,800. அதன் மேல் ரைஸ் குக்கரையும் சொருகினால் சாதம் வேகும் முன் பிரேக்கர் விழுந்துவிடும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு கம்பியிலும் தலா 50 ஆம்ப், 120 வோல்ட் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். ஆனால் வண்டியே 30 ஆம்ப் வண்டி என்றால் அடாப்டர் போட்டு 50-இல் சொருகினாலும் 3,600-க்கு மேல் இழுக்க முடியாது. அதற்காகக் கூடுதல் வாடகை கொடுப்பது வீண்.

கழிவு நீரைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கேட்ஸ் கோவ், ஸ்மோக்மாண்ட், காஸ்பி, டீப் க்ரீக் முகாம்களில் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் உண்டு. எல்க்மாண்டில் கிடையாது, அதற்காகச் சுகர்லாண்ட்ஸ் வரை வண்டியைக் கிளப்ப வேண்டும். நான்கு பேர் மூன்று நாள் தங்கினால் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் பாதை. கார் ஜிபிஎஸ்ஸுக்கு நம் வண்டியின் உயரம் தெரியாது. வட கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழியில் வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா பூங்காவின் ஸ்கைலைன் டிரைவ் என்ற மலைச்சாலையில் போக ஆசை வரும். அங்கே மேரீஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம். கூரை ஏசியையும் சேர்த்து வண்டியை அளந்து, அந்த எண்ணை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஸ்மோக்கியின் மேற்கு ஓரத்தில் யுஎஸ் 129 சாலை 11 மைலில் 318 வளைவுகள் கொண்டது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது சொர்க்கம். ஆர்வியோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஓடைக்கரை ஆசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2010 ஜூன் 11 அதிகாலையில், ஆர்கன்சாவின் வாஷிடா காட்டில் ஆல்பர்ட் பைக் என்ற முகாமில், லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் 3 அடியிலிருந்து 23 அடிக்கு மேல் ஏறியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது, ஸ்மோக்கிக்குப் பக்கத்தில் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40 நெடுஞ்சாலையையே வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. மலை ஓடை நம்மூர் ஆறு மாதிரி மெல்ல ஏறாது. மேலே எங்கோ கொட்டிய மழை, இங்கே ஒரு துளி விழாதபோதும் வந்து சேரும். நள்ளிரவில் எச்சரிக்கை வந்தாலும் பல பள்ளங்களில் போனில் சிக்னல் இருக்காது. ஆகவே வரைபடத்தில் ஓடையிலிருந்து இரண்டு வரிசை மேலே உள்ள சைட்டைப் பிடியுங்கள். தண்ணீர்ச் சத்தம் அங்கேயும் கேட்கும்.

போய்ச் சேர்ந்ததும் அண்ணாந்து பாருங்கள். பூச்சித் தொல்லையால் நின்றபடியே செத்துப்போன ஹெம்லாக், ஆஷ் மரங்கள் இந்தக் காட்டில் நிறைய. வண்டிக்கு மேலே காய்ந்த கிளை தொங்கினால் வேறு சைட் கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டிலிருந்து விறகு ஏற்றி வருவதும் தவறு. ஆஷ் மரத்தைத் துளைக்கும் வண்டு பரவியது பெரும்பாலும் அப்படித்தான். வெப்பத்தில் பதப்படுத்திச் சான்று ஒட்டிய விறகைத்தான் பூங்காவுக்குள் விடுவார்கள். முகாமுக்கு அருகிலேயே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கரடிகளும் உண்டு, ரசப் பாத்திரத்தை வெளி மேசையில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

தனியார் முகாம் என்றால் பதிவு செய்யும் முன் ஒரு போன் போடுங்கள். "என் வண்டி இத்தனை அடி, இத்தனை உயரம், எந்த சைட் தருவீர்கள், எந்த வழியாக வரட்டும்?" இந்த ஒரு கேள்வி போதும். அங்கேயே இருப்பவர் என்றால் சைட் எண்ணோடு பதில் சொல்வார். "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்று வந்தால் நான் வேறு இடம் தேடுவேன்.

இப்போதெல்லாம் மாலை நான்கு மணிக்குள் போய்விடுகிறோம்.