கோல்ஃப் செட்டோடு வெளிநாட்டுப் பயணமா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

விமானத்தில் போன கோல்ஃப் செட் உடைந்து வந்தால், பழி முழுவதும் சாமான் ஏற்றி இறக்கும் ஊழியர்கள் மேல்தான் விழுகிறது. அவர்கள் கையில் பை படும் பாடு உண்மைதான். ஆனால் உடைந்த செட், வந்து சேராத செட், கவுண்டரில் கணிசமான தொகை கட்டவைத்த செட் என்று எதை எடுத்துப் பார்த்தாலும், கோளாறு பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்கியிருக்கும். ஒன்று டிக்கெட் எடுத்த விதம், இல்லையென்றால் பையைக் கட்டிய விதம். இரண்டுமே முழுக்க நம் கையில் இருப்பவை.

சென்னையில் கிளம்பி, லண்டனில் மாறி, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்கி, கோல்ஃபுக்குப் பெயர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குப் போய் ஆடுவது நம்மூர் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பலருக்கு நெடுநாள் ஆசை. அந்தப் பயணத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

டிக்கெட்டில் நடக்கும் தவறு

"லக்கேஜ் அனுமதி இருக்கிறது, அது போதும்" என்று நினைப்பதுதான் முதல் தவறு. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் கோல்ஃப் பையை உங்கள் இலவச லக்கேஜ் அளவுக்குள்ளேயே சேர்த்துக்கொள்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சூட்கேஸும் கோல்ஃப் பையும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் கோல்ஃப் பை ஒரு தனி லக்கேஜாகக் கணக்காகும். எடை 23 கிலோவுக்குள்ளும் அளவு 190 x 75 x 65 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். ரயன்ஏர் மாதிரி மலிவுக் கட்டண நிறுவனத்தில் கோல்ஃப் செட்டுக்குத் தனிக் கட்டணம், எடையும் 20 கிலோதான்.

இங்கேதான் சிக்கல். சென்னையிலிருந்து லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து எடின்பரோவுக்கு மலிவாகக் கிடைத்த இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால், முதல் விமானத்தில் 23 கிலோவுக்குச் சரியாக இருந்த பை இரண்டாவது விமானத்தில் 3 கிலோ அதிகம். அதுவும் போக, தனித்தனி டிக்கெட் என்றால் லண்டனில் நீங்களே பையை எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றில் இப்படி மாறினால் பையை எடுக்க வெளியே வருவதற்கே விசா தேவைப்படலாம். கோல்ஃப் செட் கூட வருகிறது என்றால், கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். கொஞ்சம் அதிகம் செலவானாலும் பரவாயில்லை. லக்கேஜ் டேகில் கடைசி ஊரின் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்றும் கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே டிக்கெட் எடுத்தவர்கள் செய்யும் தவறு வேறு. லண்டனில் மாறுவதற்கு ஒரு மணி நேரம் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆள் ஓடிப்போய் ஏறிவிடலாம், பை ஓடாது. நீளமான பைகள் பல விமான நிலையங்களில் வழக்கமான பெல்ட்டில் போவதில்லை. தனியாக எடுத்துச் செல்கிறார்கள், அதற்கு நேரம் பிடிக்கும். மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் நிம்மதி. கடைசித் துண்டுப் பயணத்தில் ஏடிஆர் போன்ற சிறிய விமானம் இருந்தால், கோல்ஃப் பை ஏற்ற இடம் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிவும் செய்துவிடுங்கள்.

ஆடும் நாளுக்கு முந்தின இரவு போய் இறங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. திங்கட்கிழமை ஆட்டத்துக்குச் சனிக்கிழமையே போய் இறங்கினால், பை தாமதமானாலும் வந்து சேர அந்த ஒரு நாள் கையில் இருக்கும்.

கட்டும் விதத்தில் நடக்கும் தவறு

விலை உயர்ந்த டிராவல் கவர் வாங்கியாயிற்று, இனி கவலையில்லை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கவர் எதுவாக இருந்தாலும் உடையும் இடம் ஒன்றுதான்: செட்டிலேயே நீளமான மட்டையான டிரைவரின் தலையும் தண்டும் சேரும் கழுத்து.

காரணம் எளிது. டிரைவர் ஏறக்குறைய 115 செ.மீ. நீளம். உலோகத் தகடு போன்ற தலையுள்ள அயர்ன் மட்டைகளில் ஐந்தாம் எண் 97 செ.மீ. வாக்கில் இருக்கும். அயர்ன்களைவிட டிரைவர் ஏறக்குறைய ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பையைத் தலைகீழாக வைத்தாலோ, மேலே ஒரு கனமான பெட்டி விழுந்தாலோ, முதல் அடி அதன் தலைக்குத்தான். கிராஃபைட் தண்டு அந்த அடியைத் தாங்காமல் கழுத்தில் முறிகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. இன்றைய டிரைவர்கள் பலவற்றிலும் தலையைக் கழற்ற முடியும். அதனுடன் வந்த திருகுக் குறடால் தலையைக் கழற்றி, உறை போட்டு, துணியில் சுற்றிப் பக்கவாட்டுப் பையில் வையுங்கள். கழற்றுமுன் லாஃப்ட் (தலையின் சாய்வுக் கோணம்) எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குறடு அதே பையில் இருக்கட்டும்; அது இல்லாமல் அங்கே போய் இறங்கினால் டிரைவரை மறுபடி மாட்ட முடியாது. தலை கழற்ற முடியாத மட்டை என்றால், ஸ்டிஃப் ஆர்ம் என்று விற்கும் நீட்டிக் குறுக்கும் கம்பியை மட்டைகளுக்கு நடுவே நிறுத்துங்கள். டிரைவரைவிட நாலைந்து செ.மீ. உயரமாக அது நிற்க வேண்டும். மேலிருந்து விழும் எடையை அந்தக் கம்பி வாங்கிக்கொள்ளும். நான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன்.

அடுத்தது, மட்டைகள் உள்ளே ஆடாமல் இருப்பது. அயர்ன் தலைகள் ஒன்றோடொன்று மோதினால் தழும்பு விழும். ஓயாமல் உரசினால் கிராஃபைட் தண்டின் பூச்சும் போகும். ஒரு குளியல் துண்டை இடையிடையே நுழைத்து, எல்லா மட்டைகளையும் சேர்த்து ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டினால் போதும்.

ஹார்டு கேஸா, சாஃப்ட் கவரா? ஹார்டு கேஸ்தான் பாதுகாப்பு என்பார்கள். எடையைக் கூட்டிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள். 14 மட்டைகள் சேர்ந்து ஐந்தரை, ஆறு கிலோ. இலேசான ஸ்டாண்டு பை இரண்டரை கிலோ என்றால், டிராலியில் வைக்கும் பெரிய பை நாலரை, ஐந்து கிலோ. ஹார்டு கேஸ் மட்டுமே ஐந்தாறு கிலோ வரும். ஷூவும் இரண்டு டஜன் பந்தும் (ஒரு டஜன் சுமார் 550 கிராம்) சேர்த்தால் 18 கிலோவைத் தொட்டுவிடும். மழைக்கோட்டு, ஸ்வெட்டர் என்று ஸ்காட்லாந்துக்கு வேண்டியதை அதே பையில் திணித்தால் 23 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும். இலேசான ஸ்டாண்டு பை, தலைப்பகுதியில் தடித்த மெத்தை வைத்த சாஃப்ட் கவர், உள்ளே ஸ்டிஃப் ஆர்ம். பெரும்பாலான பயணங்களுக்கு இந்தச் சேர்க்கைதான் என் தேர்வு. எடின்பரோவில் எடுக்கும் சின்ன வாடகைக் காரிலும், பின்சீட்டை மடித்தால் அது உள்ளே போகும். ஹார்டு கேஸ் போவது கஷ்டம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. லூக்கர்ஸில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும் என்பதால் பையின் கனம் அங்கேயும் தெரியும்.

கோல்ஃப் சாமானுக்குச் சலுகைக் கட்டணம் தரும் நிறுவனங்களில், அந்தப் பைக்குள் துணிமணி இருக்கக் கூடாது என்ற விதியும் இருக்கும். ஒன்றிரண்டு டி-ஷர்ட் சுற்றி வைப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், நம்பி இறங்காதீர்கள்.

பையின் ஜிப்புகளுக்குள்

கோல்ஃப் பையின் பக்கப் பைகளில் என்னென்ன இருக்கின்றன என்று நமக்கே மறந்துபோயிருக்கும். கிளம்பும் முன் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பாருங்கள். லைட்டர் இருந்தால் வெளியே எடுங்கள். பவர் பேங்க், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கான உபரி லித்தியம் பேட்டரி இரண்டும் செக்-இன் பையில் போகவே கூடாது. முனைகளை மூடி ஹேண்ட் லக்கேஜில் வைக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரையே கையில் எடுத்துச் செல்வது நல்லது.

பேட்டரியில் ஓடும் டிராலி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். 100 வாட் அவர் வரையுள்ள லித்தியம் பேட்டரிக்குப் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். 12 வோல்ட், 18 ஆம்பியர் அவர் பேட்டரி 216 வாட் அவர். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, போகும் இடத்தில் டிராலி வாடகைக்கு எடுங்கள்.

மட்டைகளைக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோகலாமா என்றால், முடியாது, பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும் ஒற்றைப் பட்டர் மட்டைகூட. 2013இல் அமெரிக்காவின் விமானப் பயணப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ இரண்டு மட்டை வரை கேபினில் அனுமதிக்கப்போவதாக மார்ச்சில் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் ஜூனில் கைவிட்டுவிட்டது. பந்துகளுக்கு அங்கே தடை இல்லை. அமெரிக்கா போகிறவர்கள் டிஎஸ்ஏ ஏற்கும் பூட்டையே போடுங்கள். வேறு பூட்டு என்றால் சோதனைக்காக உடைக்கப்படலாம்.

மண் ஒட்டிய ஷூவை அப்படியே வைப்பது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்குப் பெரிய தவறு. ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணில் விதையும் பூஞ்சையும் நுண்ணுயிரும் வரும் என்பதால், அந்த நாடுகள் இதில் மிகவும் கறாராக இருக்கின்றன. நியூசிலாந்தின் வருகைப் படிவம் கோல்ஃப் சாமான்களைப் பெயர் சொல்லியே கேட்கிறது. அறிவிக்காமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கழுவி, உலர்த்தி, "ஆம்" என்று எழுதிவிட்டால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

இறங்கிய பிறகு நடக்கும் தவறு

பணத்தளவில் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. பையை வாங்கி, திறந்து பார்க்காமல் அப்படியே காரில் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து ஆட்டத்தின் முதல் அடிக்கு டிரைவரை எடுத்தால் தலை தனியாக வருகிறது. அது விமானத்தில் உடைந்தது என்று அப்புறம் எப்படி நிறுவுவது? பெல்ட் அருகிலேயே ஜிப்பைத் திறந்து, ஒவ்வொரு மட்டையின் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். சேதம் இருந்தால் வெளியே போகும் முன் லக்கேஜ் கவுண்டரில் புகார் அறிக்கை போடுங்கள். பிஐஆர் என்று கேட்டால் தருவார்கள்.

அந்த அறிக்கையோடு நின்றுவிடவும் கூடாது. சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்துகிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. அதன்படி, சேதத்துக்கு பை கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு பை கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம்.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். இது பைக்கு அல்ல, பயணிக்கு. சூட்கேஸும் கோல்ஃப் செட்டும் சேர்ந்து தொலைந்தாலும் அதே தொகைக்குள்தான். நல்ல புது செட் ஒன்றே இந்த அளவைத் தாண்டிவிடும். செக்-இன்னின்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து, கேட்கும் கட்டணத்தைச் செலுத்தினால் வரம்பை உயர்த்திக்கொள்ள உடன்படிக்கையிலேயே வழி இருக்கிறது. இல்லாவிட்டால் பயணக் காப்பீடு. ஆனால் பாலிசியில் விளையாட்டுச் சாமானுக்கு எவ்வளவு, ஒரு பொருளுக்கு எவ்வளவு என்ற இரண்டு வரிகளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். கட்டுவதற்கு முன் மட்டைகளை வரிசையாக வைத்து ஒரு போட்டோ, பில்கள், வரிசை எண்கள். விலை உயர்ந்த செட் என்றால், கிளம்பும்போதே நம் சுங்கத்துறையிடம் பொருளைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். பையை செக்-இன் செய்வதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். பைக்குள் ஏர்டேக் போன்ற ஒரு டிராக்கரையும் போட்டுவிடுங்கள். "எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை" என்று கவுண்டரில் சொன்னால் இடத்தை நீங்களே காட்டலாம்.

கடைசியாக, எல்லாப் பயணத்துக்கும் சொந்த செட் தேவையில்லை. வேலை விஷயமாகப் போகும் இடத்தில் ஒரே ஒரு ரவுண்டு ஆடப்போகிறீர்கள் என்றால் வாடகை செட்டே போதும். செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸிலேயே நல்ல செட்டுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஷூ, கையுறை, பழகிய பந்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து ரவுண்டு என்றால் சொந்த செட்டே வரட்டும். இடது கை ஆட்டக்காரர்களும், தங்கள் உயரத்துக்கென்றே தண்டை நீட்டியோ குறைத்தோ வைத்திருப்பவர்களும் வாடகையை நம்ப நினைத்தால், புக்கிங் செய்யும்போதே மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிடுங்கள்.