முடக்கு வாதத்துக்கு மூட்டு ஸ்கேன்: எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது

முடக்கு வாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சாப்பிட்டு வருகிறீர்கள். வீக்கம் வடிந்துவிட்டது, விரல் வலி மட்டும் போகவில்லை. மருந்தைக் கூட்டுவதா, இருப்பதே போதுமா? இந்தக் குழப்பம் வரும்போது மூட்டு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நல்ல துணை. கதிர்வீச்சு கிடையாது, ஒரே அமர்வில் பல மூட்டுகளைப் பார்க்கலாம்.

படி 1: எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஸ்கேன் என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். கையால் தொட்டுப் பார்த்தே வீக்கம் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது.

படி 2: வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரை போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அழற்சியைக் குறைத்துக் காட்டிவிடக்கூடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

படி 3: கையை மேசையில் தளர்வாக வையுங்கள். ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்த ஓட்டம் இல்லாததுபோலத் தெரியும். அதனால் ஜெல்லைத் தாராளமாகப் பூசி மெதுவாகத்தான் வைப்பார்கள்.

படி 4: இனி ரிப்போர்ட். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மூட்டின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை ஓர் அளவு இருக்கும். பவர் டாப்ளருக்கும் அதேபோல 0 முதல் 3. சவ்வுக்குள் ரத்த ஓட்டம் கூடியிருப்பதைக் காட்டுவது டாப்ளர். அது 2, 3 என்றால் அழற்சி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தடிப்பு இருந்தும் டாப்ளர் 0 என்றால், அது பழைய அழற்சியின் மிச்சமாக இருக்கலாம். கால் பெருவிரல் மூட்டில் லேசான தடிப்பு நோயில்லாதவர்களுக்கும் உண்டு, பயப்படாதீர்கள். எலும்பு அரிப்பு என்று எழுதியிருந்தால் அது எந்த மூட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஸ்கேனை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். நார்வேயில் 238 நோயாளிகளிடம் நடந்த ‘ஆர்க்டிக்’ (ARCTIC) என்ற ஆய்வு 2016-இல் வெளியானது. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்துச் சிகிச்சையை மாற்றியவர்களுக்கு, வழக்கமான நெருக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களைவிடப் பலன் கூடவில்லை. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை அல்லது செல்களைத் தடுக்கும், விலை உயர்ந்த பயாலஜிக் மருந்துகள்தான் கூடுதலாகத் தேவைப்பட்டன. மூட்டுப் பரிசோதனை, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பேன்.

மருந்தைக் குறைக்கும் யோசனை இருக்கிறதா? அப்போது டாப்ளர் மிச்சம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு கூடுதல். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். மெஷினுக்கு மெஷின் டாப்ளரின் நுட்பம் மாறும்.