மின் டிரம் பொருத்துவது: முதலில் ஸ்கேல், பிறகு ஸ்பானர்

எலெக்ட்ரானிக் டிரம் செட் வாங்க வருகிறவர்கள் ஒலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குச்சியால் தட்டும் பேடு ஆடாமல் நிற்குமா என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்கவில்லை. கொடைக்கானலில் இருந்துகொண்டு, பேடைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைத் தப்பாக வாங்கினால், அதை மாற்ற வளைவு வளைவாக வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் மதுரைதான். ஒரு நாள் போய்விடும்.

ஆகவே முதலில் அளந்துவிடுங்கள். பேடுகளை மாட்டும் சட்டமான ரேக்கின் குழாய் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. பேடைத் தாங்கும் எல் வடிவக் கம்பிதான் ஏமாற்றும்: 9.5, 10.5, 12.7 மி.மீ. எனப் பலவிதம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. நான் அளக்காமல் 10.5 கம்பியை 12.7 துளையில் நுழைத்து இறுக்கினேன். வாசிக்கத் தொடங்கி மூன்றாவது பாடலில் டாம் பேடு மெல்லத் தலைகுனிந்து என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

ரேக்கைக் கோத்ததும் எதையும் முழுதாக இறுக்காதீர்கள். முக்காலியில் உட்காருங்கள். பேடுகளை இந்த வரிசையில் வையுங்கள்: முதலில் காலால் மிதிக்கும் கிக், பிறகு முன்னால் இருக்கும் ஸ்நேர், அதன் பின் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளம், டாம் என்ற சிறு டிரம்கள், கடைசியாக சிம்பல் என்ற தட்டுத் தாளங்கள். குச்சியின் நுனி பேடின் நடுவில் தட்டையாக விழ வேண்டும். விளிம்பில் இடித்தால் சாய்வு தவறு. கை சொன்ன பிறகே, இறுக்குவதற்கான டிரம் கீயை எடுங்கள்.

சிம்பல் பேடில் ஒரு சின்னத் தடுப்பான் வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பேடு சுழன்று கேபிளை முறுக்கிவிடும். பேடின் மேலே ஃபெல்ட் வளையம், அதற்கும் மேலே கையால் திருகும் விங் நட். பேடு ஊசலாடும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நடுவும் விளிம்பும் தனித்தனியே ஒலிக்கும் பேடுக்கு ஸ்டீரியோ கேபிள் தேவை. மோனோ கேபிளைச் செருகிவிட்டு விளிம்பு ஒலிக்கவில்லை என்று பேடைத் திட்ட வேண்டாம்.

ஒரு பேடைத் தட்டினால் பக்கத்துப் பேடும் ஒலிக்கிறதா? ரேக் வழியாக அதிர்வு பரவுகிறது. ஒலியை உருவாக்கும் பெட்டியான மாட்யூலின் அமைப்பைத் தொடும் முன் கிளாம்புகளைச் சோதியுங்கள். பெரும்பாலும் ஒன்று தளர்ந்திருக்கும். இங்குள்ள பழைய வீடுகளின் மரத்தளத்தில் கிக் பேடு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கனமான கம்பளம் விரித்தால் நின்றுவிடும். ஆனால் கீழ்வீட்டுக்காரருக்குப் போகும் அதிர்வை அது முழுதாக நிறுத்தாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மூடுபனிக் காலத்தில் நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, மரையில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடுகிறேன். ரப்பரில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பழைய பனியன் துணியைக் கீழே விரித்துக்கொள்வேன்.